இல்லாத ஏகாம்பரத்துக்குப் போன சரக்கு

டிப்போவுக்கு மறுபடியும் புது சாப்ட்வேர் வரப்போகிறதாம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க சார், டிரெய்னிங்ல படிச்சுக் காட்டறோம்" என்றார்கள். வாழைப்பழமும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வந்திருந்தார்கள். வாழைப்பழத்தைச் சாப்பிட்டாயிற்று. நோட்டில் இதை எழுதுகிறேன். கைக்கு வந்த சரக்கை வேண்டியவனுக்குச் சரியாகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்று பத்து யோசனை எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இதில் யோசனை எதுவும் இல்லை. நான் செய்த ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. அதை நினைத்தால் பட்டப்பகலில்கூட எனக்கு முதுகு சில்லிடும்.

நான் மாணிக்கம். உத்திரமேரூரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். தலைமை அலுவலகம் சென்னையில். சுற்றுவட்டாரக் கிராமங்களின் மருந்துக் கடைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் எங்கள் டிப்போவிலிருந்துதான் சரக்கு போகும். முதல் நாலைந்து வருஷம் பெட்டி தூக்கினேன், அப்புறம் சிட்டை எழுதினேன், அப்புறம் சாவி என் இடுப்புக்கு வந்தது. இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை முறையை மட்டும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. ஒவ்வொரு ரேக்கிலும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, மீதி என்று மூன்று கட்டம். முதலில் காலாவதியாகிற சரக்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று எங்கள் ஸ்டோர்களில் உண்டு. மூலைச் சரக்கு என்போம். உயிர் காக்கிற மருந்து எது வந்தாலும் ஸ்டோர் கீப்பர் அதில் கொஞ்சத்தை மூலையில் ஒதுக்கிவிடுவான். அட்டையில் 'இல்லை' என்றிருக்கும். விற்பனைப் பையன்கள் வந்து கெஞ்சினாலும் இல்லைதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டோடு எவனாவது மூச்சிரைக்க ஓடி வந்தால், அப்போது இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. இல்லாததை இருக்கவைக்கிறவன் நான் என்கிற நினைப்பு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே நிர்மலா மேடம் வந்தார்.

மேடம் சென்னையிலிருந்து எங்கள் பகுதி டிப்போக்களைக் கவனித்துக்கொண்டவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வந்ததும் நாற்காலியை ரேக்குகளுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொள்வார். பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் நேராக நிறுத்துவார். அது நிற்கிறவரை யாரும் பேசக் கூடாது என்பது போலிருக்கும். அப்புறம், "சிஸ்டம் என்ன சொல்லுது மாணிக்கம் சார்?" என்பார். ஒருநாள், "மேடம், ரேக்கைப் பார்த்துட்டே சொல்லிடலாமே" என்றேன். "பார்த்தா மனசு மாறும் சார். சிஸ்டம் மாறாது" என்றார். கெட்டவர் இல்லை. எந்தக் கடைக்கு எது எவ்வளவு தேவை என்று கணித்து, இருப்பதை அதற்கேற்பப் பிரித்துக் கொடுத்துவிட்டால் ஒருவனும் வெறுங்கையோடு திரும்ப மாட்டான் என்று மனதார நம்பியவர்.

சிஸ்டத்தில் மூலை என்று ஒன்று கிடையாது. இருக்கிற சரக்கெல்லாம் சென்னையில் தெரியும். தெரிந்த மாத்திரத்தில் அதை எந்தக் கடைக்காவது கொடுத்துவிடும். ஒதுக்கி வைக்க ஒரே வழி, யாராவது கேட்டிருப்பதாகக் காட்டுவது. அதனால் ஓர் ஆளை உண்டாக்கினேன்.

பெயர் கேட்டது. ஏகாம்பரம் என்று அடித்தேன். காஞ்சிபுரம் பக்கம் தெருவுக்கு இரண்டு ஏகாம்பரம் உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஊர் கேட்டது. காவாந்தண்டலம் என்று போட்டேன். தெரு கேட்டது. மேட்டுத் தெரு, கதவு எண் நாலு. எந்த ஊரில்தான் மேட்டுத் தெரு இல்லை? லைசென்ஸ் எண் கேட்ட இடத்தில் எங்கள் டிப்போவினுடையதையே போட்டேன். வகை கேட்டபோது 'கிளை முகவர்' என்று கொடுத்தேன். கிளை முகவர் என்றால் நம் சரக்கை நமக்காக வைத்திருப்பவர், அவருக்கு பில் கிடையாது. போன் நம்பர் இல்லாமல் விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. என் போனில் இரண்டாவது சிம் ஒன்று சும்மாக் கிடந்தது, அதன் நம்பரைக் கொடுத்தேன். எல்லாம் பத்து நிமிஷ வேலை. ஏகாம்பரம் பிறந்துவிட்டார்.

பாம்புக்கடி மருந்து, நாய்க்கடி ஊசி, சலைன், இப்படி மூலைக்குப் போகிறதெல்லாம் அவர் பேரில் ஒதுக்கீடானது. ஒதுக்கீடு ஒரு மாதம்தான் செல்லும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பழையதை நீக்கிப் புதிதாகப் போடுவேன். மழைக்காலத்தில் பாம்பு வெளியே வரும், ஆகையால் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சீட்டோடு ஓடி வந்த ஏழெட்டுப் பேருக்கு அந்த மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்த நாளெல்லாம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

என் புத்திக்கு எட்டாதது ஒன்று இருந்தது. நான் மாதாமாதம் போட்டதையெல்லாம் சிஸ்டம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படி ஒரு முகவர். மாதம் தவறாமல் முதல் தேதி கேட்கிறார். குறை சொல்வதில்லை, திருப்பி அனுப்புவதில்லை, தேதியை மாற்றுவதில்லை. இப்படி ஒரு மனுஷன் உலகத்தில் இருக்க முடியாது என்று நமக்குத் தெரியும். அதற்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது கண் ஆபரேஷனுக்காக லீவு போட்டேன். அந்தச் சமயத்தில்தான் சிஸ்டத்தைப் புதுப்பித்தார்கள். இனி ஆள் கை வைக்க வேண்டாம், யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று அதுவே கணித்து, அதுவே ஒதுக்கி, அதுவே வேனில் ஏற்றச் சீட்டு அடிக்கும். நான் வீட்டில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். போன் டிங் என்றது. வீட்டுக்காரி எடுத்துப் படித்தாள்.

"'அன்புள்ள ஏகாம்பரம், உங்கள் சரக்கு இன்று வந்து சேர்ந்தது.' யாருங்க ஏகாம்பரம்? அவனுக்குச் சரக்கு வந்தா உங்களுக்கு ஏன் சொல்றான்?"

சரக்கு புறப்பட்டது என்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வந்து சேர்ந்தது என்கிறதே, யாரிடம் சேர்ந்தது? அடுத்த வாரமும் டிங். அதற்கடுத்த வாரமும் டிங். அன்புள்ள ஏகாம்பரம், அன்புள்ள ஏகாம்பரம். கட்டுக்குள்ளே இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

லீவு முடிந்து போன முதல் நாள் நேராகக் குளிர் அறைக்குப் போனேன். மூலை காலி. பெருக்கித் துடைத்த மாதிரிக் காலி. மேசைக்கு வந்து திரையைத் திறந்தேன். ஏகாம்பரத்தின் வரிசை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. போன சரக்கு, சேர்ந்த தேதி, கீழே ஒரு கையெழுத்து. நடுங்குகிற கையால், எழுத்தெழுத்தாக, 'ஏகாம்பரம்'. அதற்கும் கீழே ஒரு வரி: அடுத்த வாரம் இவர் கேட்கப்போவது இன்னின்னது. நான் பிறக்கவைத்தவன் அடுத்த வாரம் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்திருந்தது.

வேன் ஓட்டுகிற டில்லியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் வெளிவந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்று பயம். இன்னொரு பயமும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஓர் ஊசி கணக்குத் தப்பவில்லை என்று பேர் வாங்கியவன், பொய் ஆளை எழுதினவன் என்ற பேரோடு வெளியே போக மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கொஞ்ச நாளில் ஏகாம்பரம் வளர்ந்துவிட்டார்.

"உங்க ஏகாம்பரம்தான் இப்ப என் ஏரியாவிலேயே நம்பர் ஒன் முகவர்" என்றார் மேடம், பேனா மூடியை நிறுத்திக்கொண்டே. விற்பனைப் பிரதிநிதி சேகரை அனுப்பி நேரில் பார்த்துவரச் சொன்னார். இரண்டு நாளில் அவன் அறிக்கை திரையில் வந்தது: 'முகவரைச் சந்தித்தேன். வெள்ளை மீசை வைத்த பெரியவர். அதிகம் பேசமாட்டார். நம் கம்பெனி மேல் மிகுந்த மரியாதை.' சேகர் பாதி அறிக்கைகளை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்பது ஊரறிந்த விஷயம். தனியாகக் கூப்பிட்டு, "நெஜமா போனியா?" என்றேன். "போனேனே சார். நல்ல மனுஷன். டீ வாங்கிக் குடுத்தாரு" என்றான், கண்கூடச் சிமிட்டவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அது பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தீபாவளிக்குத் தலைமை அலுவலகம் அவருக்கு இனிப்புப் பெட்டி அனுப்பியது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வந்தது. டிப்போவில் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஏகாம்பரம் அய்யா சரக்கு ரெடியா, ஏகாம்பரம் அய்யாவுக்கு உடைஞ்ச பெட்டி போடாதே. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது எனக்கே ஒரு முகம் தெரிந்தது. வெள்ளை மீசை, தோளில் துண்டு. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்து கை கழுவினேன்.

அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஏரிக்கரைகளில் பாம்பு நடமாட்டம் அதிகம். எல்லாக் கடைக்காரர்களும் பாம்புக்கடி மருந்து கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்ததே கொஞ்சம். அதை சிஸ்டம் ஏகாம்பரத்துக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்கு ஒன்றும் இரண்டுமாகக் கிள்ளிக் கொடுத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டிப்போவில் பேக்கிங் செய்கிறவள் அஞ்சலை. டிப்போவுக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பு, அங்கேதான் வீடு. அவள் கட்டிய பெட்டி வழியில் பிரிந்தது என்று புகார் வந்ததே இல்லை. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய பெட்டிக்கு மட்டும் பச்சைக் கயிறு கட்டுவாள், பார்த்ததும் தெரியும். அன்று வேலைக்கு வரவில்லை. பதினொரு மணி சுமாருக்குத் தலை கலைந்து ஓடி வந்தாள். கையில் நர்சிங் ஹோம் சீட்டு.

"சார், எங்க வூட்டுக்காருக்கு நல்லது தீண்டிடுச்சி சார். வரப்பு கட்டிக்கினு இருந்தாரு. படம் எடுத்தத அவரே பாத்துகிறாரு. டாக்டரு இருந்த பத்து பாட்டிலு மருந்தையும் போட்டுட்டாரு. கண்ண தெறக்க முடியாம கீறாரு சார். இன்னும் பத்து உடனே வேணுமாம்."

அவள் புருஷன் கன்னியப்பனை எனக்குத் தெரியும். செங்கல்பட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் பயப்படுகிறாராம். பக்கத்து ஊர்களில் கேட்டுவிட்டார்கள், இருந்தது வேறு கடி கேஸுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தேன். டிப்போ இருப்பு பூஜ்யம். ஏகாம்பரத்துக்கு நேற்று போய்ச் சேர்ந்தது இருபது.

"நேத்து நான்தான சார் பேக் பண்ணேன், இருபது பாட்டிலு" என்றாள் அஞ்சலை.

மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலே மாறியது. "அய்யோ, உடனே ஏகாம்பரத்துக்குப் போன் பண்ணுங்க சார். நல்ல மனுஷர். கேட்டா கொடுத்திடுவார்."

நான் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. திரையில் இருந்த நம்பரைப் பார்த்து மேசைப் போனில் அவளே அழுத்தினாள். "ரிங்கு போவுது சார்!" என்றாள், முகம் கொஞ்சம் தெளிந்து.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தாள். அதை வைத்தாள், என் பை நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடி அடித்தது.

"இன்னா சார் இது? அவருகிட்ட பேசணும்னா உங்ககிட்ட அடிக்குது?"

"அப்படி ஒரு ஆளே இல்லம்மா" என்றேன். "நான்தான் எழுதி வெச்சேன். ஒதுக்கி வைக்கறதுக்காகப் பொய்யா ஒரு பேரு."

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. "அப்ப நான் வாரா வாரம் கட்டின பெட்டிய யாரு சார் வாங்குறாங்க?" என்றாள் மெதுவாக. இத்தனை நாளாக நான் என்னையே கேட்கத் துணியாத கேள்வி அது.

வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த டில்லியைக் கூப்பிட்டேன். "இன்னா சார் கேக்கறீங்க? மேட்டுத் தெருவுல போயி ஏகாம்பரம் வூடு எதுன்னு கேட்டேன், காட்டுனாங்க. பெரியவரு கையெழுத்து போட்டு வாங்கிக்கினாரு. கட இல்ல, வூடுதான். வூட்டுலயே வெச்சி குடுக்கறாருன்னு நென்ச்சேன்" என்றான்.

மூவரும் வேனில் ஏறினோம். அரை மணி நேர வழி. அஞ்சலை சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுத் தெருவில் உச்சிவெயில். மழை விட்ட மறுநாள் வெயில், மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. எல்லாரும் வயலுக்குப் போயிருந்தார்கள் போலும், வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. கதவு எண் நாலு என்று சுண்ணாம்பில் எழுதிய வீடு மட்டும் திறந்திருந்தது. நான் மனம்போன போக்கில் அடித்த எண் அது. டில்லிதான் முன்னால் போய்க் குரல் கொடுத்தான்.

உள்ளேயிருந்து வந்தவருக்கு வெள்ளை மீசை. தோளில் துண்டு.

கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் பேரை எழுதினேன், சேகர் மீசையை எழுதினான், இரண்டும் சேர்ந்து ஒரு மனுஷனாக எதிரில் நிற்கிறது. வயசானவர்களில் வெள்ளை மீசைக்காரர் எத்தனையோ பேர் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"வாப்பா. இன்னிக்கி நாளு இல்லியே?" என்றார் டில்லியிடம். காது நன்றாக மந்தம். எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உள் அறையில் எங்கள் பெட்டிகள். சுவரோரம் வரிசையாக, விளிம்பு பிசகாமல், ஒன்றின்மேல் ஒன்று. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தீபாவளி இனிப்புப் பெட்டியும் சுற்றிய காகிதத்தோடு அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். பச்சைக் கயிறு கட்டியவை மட்டும் தனியாக, மூலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணல்மேல், நனைத்த சாக்கு போர்த்தி இருந்தன. 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று நாங்கள் ஒட்டிய சீட்டைப் படித்து அப்படியே செய்திருக்கிறார். நல்லவேளை, அந்த மருந்து பொடியாக வருகிற வகை, அந்தக் குளிர்ச்சி அதற்குப் போதும்.

"எம் மவன் அனுப்பறான்" என்றார் எங்களிடம். "சுரேசு. மெட்ராசுல கம்பெனி வேலைக்கிப் போறேன்னு சண்ட போட்டுக்கினு போனவன், ஒம்போது வருசமா ஒரு சேதி இல்ல. இப்பதான் வாரா வாரம் அனுப்பறான். பாரு, மெட்ராசு அட்ரசு போட்டுகிது. எம் பேரு போட்டுகிது. அவன் வந்துதான் பிரிக்கணும்."

அஞ்சலை பச்சைக் கயிற்றுப் பெட்டியைத் தூக்கப் போனாள். அவர் குறுக்கே வந்து நின்றார். "எம் புள்ள சொல்லாம தரமாட்டேன்."

"எங்க வூட்டுக்காரு செத்துக்கினு கீறாரு நைனா! அந்த மருந்து இதுலதான் கீது!" அஞ்சலை அவர் காதருகே அலறினாள்.

"அவன கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

உண்மையை அந்தக் காதில் கத்திப் புரியவைக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை. கேட்டபிறகு கொடுப்பாரா என்றும் தெரியவில்லை. கன்னியப்பனின் கண் இமை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"சுரேஷ்தான் எங்களை அனுப்பினான்! எடுத்துக்கச் சொன்னான்!" என்று கத்தினேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் எழுத முடியாது. அவரே குனிந்து சாக்கை விலக்கி, பெட்டியைத் தூக்கி அஞ்சலை கையில் வைத்தார். "எட்த்துக்கினு போம்மா, ஓடு. எம் புள்ள சொல்ட்டானில்ல." வேன் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார். "எப்ப வரானாம்?" நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நல்ல பதிலாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கையெடுத்துக் கும்பிட்டார்.

கன்னியப்பன் பிழைத்தான். டாக்டர் பத்தையும் ஏற்றினார், மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டானாம். அஞ்சலை வேலைக்குத் திரும்பினாள். என்னைத் திட்டவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. இரண்டுக்கும் நான் பாத்திரம் என்று அவளுக்குத் தெரியும் என நினைக்கிறேன்.

மேடம் வந்தபோது ஒன்றுவிடாமல் சொன்னேன். பேனா மூடியை நிறுத்தினார். அது இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை நிறுத்தவில்லை. முதல்முறையாக நாற்காலியைத் திருப்பி, காலியாக இருந்த அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏகாம்பரத்தை அழிக்க முடியாது சார்" என்றார். "அவர் பேர்ல சரக்கு போயிருக்கு, கையெழுத்து இருக்கு. அப்படிப்பட்ட ஆளை சிஸ்டம் அழிக்க விடாது. தூங்க வைக்கலாம், அவ்வளவுதான். மேல நான் பேசிக்கறேன். மீதிப் பெட்டிகளை நீங்களே போய் எடுத்துட்டு வந்திடுங்க."

வேலையில் என் கடைசி வாரம் அது. வழக்கமாக அவருக்குச் சரக்கு போகிற நாளில் டில்லியோடு வேனில் போனேன். மேட்டுத் தெருவில் அன்று ஆள் நடமாட்டம் இருந்தது. நாலாம் நம்பர் வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பெரியவர் முகம் மழித்து, மீசையைக் கத்தரித்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். நான் இறங்கினேன். டில்லி இறங்கினான். அவர் எங்களைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவன் எறங்கலியா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனிமேலும் ஒரு பொய் சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று நினைத்தேன். அவர் காதருகே குனிந்து கத்தினேன். "சுரேஷ் அனுப்பல அய்யா! நான்தான் பொய்யா உங்க பேரை எழுதினேன்! உங்களை எனக்குத் தெரியாது!"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மூன்றாம் முறை தெரு முழுக்கக் கேட்கும்படி, உங்கள் பிள்ளை அனுப்பவே இல்லை என்று கத்தினேன்.

"மொத தபாவே கேட்டுச்சிப்பா" என்றார்.

உள்ளே போனார். நாங்கள் கேட்காமலே பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் இருந்த மஞ்சள் குங்குமத்தைத் தோள் துண்டால் சுத்தமாகத் துடைத்தார்.